மறையும் கருவியும் மறையாத ஒலியும்

இசைக்கருவிகளின் வரலாற்றை ஆராய்வோர், ஒரு கருவி வழக்கொழிந்தபின் அதன் ஒலியும் உடன் அழிந்துபோவதையே பெரும்பாலும் காண்பர். பழந்தமிழரின் யாழ் அவ்வாறு மறைந்தது. அதன் இயல்பை நூற்சான்றுகளாலும் கணக்கினாலும் மீட்கப் புகுந்த விபுலானந்த அடிகளார் 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டிற் பிறந்த மின்னிசைக் கருவியாகிய சிந்தசைசருக்கும் இத்தகைய முதுமை வந்துற்றது. ஆயின், அதன் ஒலியைக் கணினி மென்பொருளிலே மீண்டும் ஆக்கும் முயற்சி, அக்கருவியை ஆக்கியோர் சிலர் உயிரோடிருந்த காலத்திலேயே தொடங்கிற்று. அம்முயற்சி எவ்வாறு வளர்ந்தது, எவற்றை மீட்டது, அதனால் அறியத்தக்க உண்மை யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

கருவி முன்னது, மென்பொருள் பின்னது என்று கருதுதல் இயல்பே. வரலாறோ வேறு கூறுகின்றது. 1957 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மாக்ஸ் மத்தியூஸ் எழுதிய நிரலொன்று, ஐ.பி.எம். 704 என்னுங் கணினியைக்கொண்டு பதினேழு வினாடி நீளமான இசைத்துண்டொன்றை ஒலிக்கச் செய்தது. ஒலியலையின் உயரத்தை வினாடிதோறும் பல்லாயிரம் முறை எண்ணாகக் கணித்து, அவ்வெண்களை மின்னழுத்தமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு ஊட்டுவதே அம்முறையாகும். இன்றைய மென்பொருளும் இதனையே செய்கின்றது. ஆனால், அக்காலக் கணினிகள் ஒரு வினாடி ஒலியைக் கணிப்பதற்கு ஒரு வினாடியினும் மிகுந்த நேரத்தை வேண்டின. விரல் பட்ட கணத்தே ஒலி பிறத்தல் அவற்றால் இயலாத காரியம். அவ்விடைவெளியை மின்சுற்றுகளாலாகிய கருவி நிரப்பியது.

நியூயோர்க் மாநிலத்து றொபேட் மோக், இசையமைப்பாளர் ஹேர்பேட் டொய்ச்சுடன் கூடி 1964 இல் தம் கருவியின் முதல் வடிவத்தை ஆக்கினார். ஒரு மின்னழுத்தத்தால் வேறொரு சுற்றின் மீடிறனையும் வீச்சத்தையும் ஆளுதலே அதன் அடிப்படை. அழுத்தம் ஒரு வோல்ற்று உயர, சுரம் ஒரு ஸ்தாயி உயரும். 1968 இல் வெண்டி கார்லோஸ் இக்கருவியில் வாசித்த பாஹ் என்பாரின் இசை இசைத்தட்டாக வெளிவந்தபின் அதன் புகழ் எங்கும் பரந்தது. 1970 இல் தோன்றிய மினிமோக், அறை நிறைந்த பேழைகளை 44 கட்டைகளையுடைய ஒரு சிறு கருவியாகச் சுருக்கிற்று. மூன்று அலையங்கள் அதிலிருந்தன. எனினும் ஒருநேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும். 1981 இல் அதன் உற்பத்தி நின்றது.

மினிமோக்கின் ஒலிக்குத் தனிப்பண்பு தந்தது அதன் வடியாகும். அலையங்கள் மேற்றொனிகள் நிறைந்த வாட்பல் அலையைத் தர, குறித்த எல்லைக்கு மேற்பட்ட மேற்றொனிகளை வடி களையும். திரான்சிற்றர்ச் சோடிகள் ஒன்றன்மேலொன்றாக ஏணிபோல அடுக்கப்பட்டு, அவற்றிடையே கொள்ளளவிகள் படிகளென அமைந்த இச்சுற்றுக்கு மோக் 1969 இல் காப்புரிமை பெற்றார். இவ்வேணியைக் கணினியில் ஏற்றப் புகுந்தோர் மூன்று இடர்களை எதிர்கொண்டனர்.

முதலாவது, வாட்பல் அலையைப் பற்றியது. வினாடிக்கு 44,100 எண்களாகக் கணிக்கும்போது 22,050 இற்கு மேற்பட்ட மீடிறன் எதனையும் அவ்வெண்கள் உள்ளவாறு காட்டமாட்டா. அவ்வெல்லையைக் கடந்த மேற்றொனி மடிந்து கீழே விழும். 5,000 மீடிறனுடைய வாட்பல் அலையின் எட்டாம் மடங்காகிய 40,000, கணினியில் 4,100 ஆக ஒலிக்கும். மூலச் சுரத்தினுங் கீழான, அதனோடு இசையாத ஒலி இவ்வாறு தோன்றுகின்றது. எனவே, செங்குத்தாக விழும் அலையை வரைந்தபடியே கணித்தல் தகாது. எல்லை கடந்த மேற்றொனிகள் முதலிலேயே தோன்றாவாறு கணிக்கும் முறைகள் வேண்டப்பட்டன.

இரண்டாவது, பின்னூட்டலைப் பற்றியது. ஏணியின் நான்கு நிலைகளும் எல்லை மீடிறனில் அலையைத் தனித்தனி 45 பாகையாக மொத்தம் 180 பாகை பின்தங்கச் செய்யும். வெளிவரும் அலையை எதிர்க்குறியோடு தொடக்கத்துக்கு ஊட்டின், அது உள்வரும் அலையோடு ஒன்றிப் பரிவை உண்டாக்கும். நான்கு நிலைகளையுங் கடந்த வீச்சம் காற்பங்காகக் குறைவதால், பின்னூட்டல் நான்கு மடங்கானவுடன் வடி தானே ஒலிக்கத் தொடங்கும். மின்சுற்றில் இவை யாவும் உடனிகழ்வன. கணக்கிலோ, வெளியீட்டை அறிய வெளியீடே முன்னர் வேண்டப்படுகின்றது! முந்திய கணத்தின் வெளியீட்டை எடுத்துக்கொள்ளுதல் எளிய வழி. 441 மீடிறனில் அத்தாமதம் அலையின் நூற்றிலொரு பங்காதலாற் பெரிதும் புலப்படாது. 11,025 மீடிறனிலோ அது காலலையாகி, பரிவைத் தன் இடத்தினின்றும் பெயர்த்துவிடும். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து ரிம் ஸ்ரில்சனும் ஜூலியஸ் சிமித்தும் 1996 இல் இவ்வடியை ஆராய்ந்து, இதன் எண்வழி அமைப்பில் எழும் இடர்களை விளக்கினர்.

மூன்றாவது, திரான்சிற்றரின் இயல்பைப் பற்றியது. சிறு அழுத்தத்துக்கு அது நேர்விகிதமாக விடைதரும். அழுத்தம் பெருகப் பெருக அதன் விடை தளர்ந்து ஓரெல்லையில் அடங்கும். இவ்வளைவு அதிபரவளைவுத் தாஞ்சன் என்னுஞ் சார்பை ஒத்தது. மினிமோக்கிலே வடிக்குட் செல்லும் அலை அமைத்தோர் கருதிய அளவினும் வலிதாயிருந்தமையால், இத்தளர்வு ஒவ்வொரு சுரத்திலும் கலந்தது. பின்லாந்து ஆய்வாளர் அன்ரி ஹுவொவிலைனன் 2004 இல் நேப்பிள்சு மாநாட்டில் அளித்த கட்டுரையில், ஏணியின் ஒவ்வொரு படியிலும் இச்சார்பை அமைத்துக் கணிக்கும் முறையைக் காட்டினார். அதற்கு முந்திய ஆண்டாகிய 2003 இல் பிரான்சு நாட்டு ஆர்த்தூரியா நிறுவனம் மோக்கின் பெருங்கருவியை மென்பொருளாக வெளியிட்டிருந்தது. 2005 இல் மறைந்த மோக், தம் கருவியின் இம்மறுபிறப்பைத் தாமே கண்டார்.

மற்றொரு கருவியின் வரலாறு இதற்கு எதிர்த்திசையிற் சென்றது. 1967 இல் ஸ்டான்போர்டில் ஜோன் சௌனிங், கணினி ஆக்கிய சுரத்தின் நடுக்கத்தை மிக விரைவாக்கிப் பார்த்தபோது, நடுக்கம் மறைந்து புதிய ஒலிப்பண்பு தோன்றுதலைக் கண்டார். ஒரு சைன் அலையால் மற்றொன்றின் மீடிறனை அசைக்கும் இம்முறைக்கு 1977 இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அதன் உரிமத்தைப் பெற்ற யப்பானிய யமகா நிறுவனம் 1983 இல் டீ.எக்ஸ். 7 என்னுங் கருவியை வெளியிட்டது. ஆகவே, இக்கருவி மென்பொருளிற் பிறந்து, சில்லுகளில் அடங்கி, மீண்டும் மென்பொருளுக்கே திரும்பிய ஒன்றாகும்.

டீ.எக்ஸ். 7 முற்றும் எண்களாலியங்குவது. ஒரு சுரத்துக்கு ஆறு சைன் அலைகள். பதினாறு சுரங்கள் உடனொலிக்கலாம். எனவே ஒவ்வொரு கணத்துக்கும் 96 அலைகளை ஒரே சில்லு முறைமாற்றிக் கணித்தல் வேண்டும். அத்தனை பெருக்கல்களைச் செய்ய அக்காலச் சில்லுக்கு வலுவில்லை. ஆதலின், பள்ளி மாணவர் மடக்கை அட்டவணையைக்கொண்டு பெருக்கலைக் கூட்டலாக்கிய அதே உபாயத்தை யமகா கையாண்டது. சைன் அலையின் காற்பகுதியின் மடக்கைகளைச் சில்லினுட் பொறித்து, அவற்றைக் கூட்டி, மற்றோர் அட்டவணையால் எதிர்மடக்கை கண்டது. அட்டவணை சுருக்கமானதாதலின் விடையிற் சிறு வழுக்கள் நேர்ந்தன. அவ்வழுக்களும் கருவியின் குரலிற் சேர்ந்தவையே.

எண்களாலாய கருவியை எண்களால் மீளாக்குதல் எளிதென்று தோன்றும். ஆனால், அவ்வெண்கள் சில்லினுள்ளே மறைந்திருந்தன. 2001 இல் வந்த எப்.எம். 7 முதலிய மென்பொருள்கள் வெளியே கேட்பதையும் அளப்பதையும் கொண்டே அவ்வொலியை அணுகவேண்டியிருந்தன. 2021 இல் அமெரிக்கப் பொறியியலாளர் கென் ஷிரிவ், சில்லைத் திறந்து நுணுக்குக்காட்டியாற் படம்பிடித்து, அதிற் பொறித்த அட்டவணைகளை வாசித்து வெளியிட்டார். கல்வெட்டை வாசிப்போரின் பணிக்கும் இதற்கும் வேறுபாடு மிகச் சிறிதே.

இவ்விரு வரலாறுகளையும் ஒப்புநோக்கின், மீளாக்கம் என்பதன் இயல்பு தெளிவாகும். டீ.எக்ஸ். 7 கருவிகள் யாவும் ஒரே எண்களைக் கணிப்பன. ஆதலின் அங்கே சரி, பிழை என்று துணிந்து கூறலாம். மினிமோக்கிலோ ஒன்று மற்றொன்றை முற்றும் ஒவ்வாது. வெப்பம் ஏறினாற் சுரம் நெகிழும். உறுப்புகள் முதிர்ந்தால் வடியின் எல்லை மாறும். எந்த மினிமோக்கை, அதன் எந்த வயதில் மீளாக்குவது என்ற வினாவுக்குக் கணக்கு விடைதராது. செவியும் தேர்ச்சியுமே விடைதரல் வேண்டும். அன்றியும், முன்னைப் பொறியியலாளர் குறையென்று களைய முயன்ற நெகிழ்ச்சியையும் திரிபையும், பின்னை நிரலாளர் அரிதின் முயன்று மீண்டும் புகுத்தினர். குறைகளை அறியாது நிறைகளை மட்டும் கணித்த நிரல்களின் ஒலி, செவிக்கு அந்நியமாகவே நின்றது.

மென்பொருள் அழியாதது என்று எண்ணுதலும் பொருந்தாது. சுவீடனின் புறொப்பெலர்கெட் நிறுவனம் 1997 இல் வெளியிட்ட றீபேர்த் என்னும் நிரல், றோலண்ட் நிறுவனத்தின் பழைய கருவிகளைக் கணினியில் ஒலிக்கச் செய்து பெரும்புகழ் பெற்றது. 2005 இல் அது கைவிடப்பட்டது. அது போலிசெய்த கருவிகளோ பழுதுபார்க்கப்பட்டு இன்றும் ஒலிக்கின்றன. மினிமோக்கும் 2016 இல் மீண்டும் தொழிற்சாலையில் உற்பத்தி செய்யப்பட்டது. மாறாக, டீ.எக்ஸ். 7 ஐ ஒத்த டெக்செட் என்னும் இலவச நிரலின் மூலம் யாவரும் படிக்கத் திறந்திருப்பதால், அதனை ஆக்கியோர் விட்டுச்சென்றாலும் பிறர் தொடர்தல் கூடும்.

இவற்றால் ஓருண்மை போதரும். கருவியும் நிரலும் தத்தம் காலத்தில் முதிர்வன. ஏணியின் நான்கு படிகளை விளக்கிய கட்டுரையும், சில்லினின்று படித்தெடுத்த மடக்கை அட்டவணையும், யாவரும் வாசிக்கத்தக்க மூல நிரலும் இருக்கும்வரை, அவ்வொலியை எக்காலத்து எப்பொறியிலும் மீண்டும் எழுப்பலாம். யாழின் வரலாறு தமிழர்க்கு உணர்த்துவதும் இதுவே: செய்முறையை எழுதிவைத்தோர் அருகியமையால், அதனை மீட்கப் பேரறிஞர் ஒருவரின் நெடுங்காலத் தவம் வேண்டியதாயிற்று. தம் கையிலுள்ள கருவியின் இயல்பை, அதன் குறைகளோடும் சேர்த்து, ஐயந்திரிபற எழுதிவைப்போரே அதன் ஒலியை வருங்காலத்தார்க்கு அளிப்பவராவர்.