போலியணியின் பெறுமதி

பொன்னும் மணியும் பெறாதார் அவற்றின் சாயலையேனும் அணிந்து மகிழ விரும்புதல் மக்கட்கு இயல்பு. அவ்விருப்பத்தினின்றும் பிறந்ததே போலியணி. ஒருகாலத்தில் இழிவாக எண்ணப்பட்ட இவ்வணிகள் இன்று மேனாடுகளிற் பலராலும் தேடித் தொகுக்கப்படுகின்றன. ஏலங்களிற் பெருவிலைக்கும் போகின்றன. கண்ணாடிக்கும் பித்தளைக்கும் இத்துணைப் பெறுமதி வந்தது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை அவ்வணிகளின் வரலாற்றிலேயே உளது.

போலிமணி செய்யுங் கலை மிகப் பழையது. கி. பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞராகிய பிளினி, பளிங்கிற்கு நிறமூட்டிப் பலவகை மணிகளைப் போலச் செய்ய இந்தியர் அறிந்திருந்தனர் என எழுதிவைத்தார். இதனினும் மிக்க ஆதாயந் தரும் வஞ்சகத்தொழில் வேறில்லை என்பதும் அவர் கருத்து. போலிமணியும் வஞ்சகமும் உடன்பிறந்தவை என்னும் எண்ணம் அக்காலந் தொட்டே நிலவியது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கலை புதுநெறியிற் சென்றது. பாரிசு மாநகரிலே ஜோர்ஜ் பிரெடரிக் ஸ்திராஸ் என்பவர் ஈயங்கலந்த கண்ணாடியை வைரம் போலப் பட்டைதீட்டி விற்றார். 1734 ஆம் ஆண்டில் அவர் அரசனின் நகைவினைஞர் என்னும் சிறப்பைப் பெற்றார். ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் இன்றும் இக்கல்லுக்கு அவர் பெயரே வழங்குகின்றது. இலண்டனில் மணிக்கூடு செய்துவந்த கிறிஸ்தோபர் பிஞ்ச்பெக் செம்பும் நாகமும் கலந்து பொன்னிறமான உலோகமொன்றை ஆக்கினார். 1732 இல் அவர் இறந்தபின்னும் அதனாலான அணிகள் நெடுங்காலம் விற்பனையாயின. ஆயின், 1854 இல் ஒன்பது கரட் பொன்னுக்கும் ஆங்கிலச் சட்டம் இடமளித்தமையால், மலிந்த பொன்னணி வந்து அவ்வுலோகத்தின் இடத்தைப் பற்றிக்கொண்டது.

ஈண்டு ஓர் உண்மை கருதற்பாலது. மெய்ப்பொன்னணிகள் நெடுநாள் நிலைப்பதில்லை. வறுமை வந்தவிடத்து அவை உருக்கப்படும். பாணி மாறியவிடத்துக் கற்கள் கழற்றப்பட்டு வேறு வடிவிற் பதிக்கப்படும். கண்ணாடிக் கற்களைக் கழற்றி எடுப்பதாற் பயனின்மையால் அவற்றை எவரும் தொட்டிலர். அதனால், பதினெட்டாம் நூற்றாண்டு அணிகளின் பழைய வடிவை இன்று காணவிழைவார்க்குப் போலியணியே பல இடங்களிற் சான்றாக நிற்கின்றது. விலையின்மையே அதனைக் காத்தது எனலாம்.

மலிந்த பொருளும் மானத்தின் சின்னமாகலாம் என்பதைப் பிரஷிய நாடு காட்டியது. 1813 இல் நெப்போலியனை எதிர்த்த போருக்கென அந்நாட்டு மகளிர் தம் பொன்னணிகளை ஈந்து, கைம்மாறாக இரும்பணிகளைப் பெற்றனர். அக்காலத்தில் இரும்பை அணிந்தவரே மதிக்கப்பட்டனர்.

பின்வந்த காலம் பொறிகளின் காலம். 1892 இல் தானியேல் சுவரோவ்ஸ்கி கண்ணாடிக் கல்லைப் பட்டைதீட்டும் பொறியொன்றிற்குக் காப்புரிமை கோரினார். 1895 இல் ஒஸ்திரியாவிலுள்ள வாட்டென்ஸ் என்னும் ஊரில் அவர் தொழிற்சாலை தொடங்கிற்று. 1907 இல் லியோ பேக்லண்ட் கண்டறிந்த பேக்கலைட்டு வளையலாகவும் மாலையாகவும் உருப்பெற்றது. 1920 களில் பாரிசின் ஆடைக்கலைஞராகிய கொக்கோ ஷனேல் செல்வமகளிரும் போலிமுத்தை நாணாது அணியுமாறு செய்தார். 1929 இன் பின் உண்டான பொருளாதார வீழ்ச்சியிலே வைரவினைஞர் சிலரும் இத்தொழிலை நாடினர். பெருநிறுவனங்களின் வைர நகைகளுக்கு வடிவமைத்த அல்பிரட் பிலிப் 1930 இல் திரிபாரி என்னும் போலியணி நிறுவனத்திற் சேர்ந்தார். 1953 இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவியேற்ற விழாவில் ஐசனோவரின் மனைவியார் அணிந்த முத்துமாலை அவர் வடிவமைத்த போலிமுத்தாலானதே.

இவ்வணிகளின் காலத்தைக் கணிக்கும் முறை கல்வெட்டாராய்ச்சியை ஒத்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மலிந்த உலோகங்கள் போர்க்கருவிகட்கு ஒதுக்கப்பட்டமையால், அமெரிக்க நிறுவனங்கள் வெள்ளியைக் கையாண்டன. எனவே, வெள்ளி முத்திரை அக்காலத்தைச் சுட்டும். 1955 இல் நியூயோர்க் நீதிமன்றமொன்று போலியணியின் வடிவமும் பதிப்புரிமைக்குரிய கலைப்பொருளே எனத் தீர்த்தது. அதன்பின் உரிமைக்குறி பொறிக்கப்படுதல் பெருவழக்காயிற்று. மார்பூசியின் கொளுக்கி வகையும் காலங் காட்டும். வெந்நீரில் தோய்த்த பேக்கலைட்டு ஒருவகைக் காரநெடி வீசும். கல்லின் பின்னுள்ள மென்றகட்டில் ஈரம் புகின் ஒளி மங்கும். ஆதலின், அறிந்தோர் இவ்வணிகளை நீரிற் கழுவார். கற்கள் மாற்றப்பட்ட அணிக்கு விலை குறையும்.

1996 ஏப்பிரிலில் நியூயோர்க்கில் நடந்த ஏலமொன்றிலே, ஜாக்குலின் கென்னடி அணிந்த மூன்று வடப் போலிமுத்துமாலை 211,500 டொலருக்கு விலைபோயிற்று. மதிப்பிடப்பட்ட விலை 500 முதல் 700 டொலர் வரையே. வாங்கிய நிறுவனம் அதனைப் பார்த்துப் படிகள் செய்து விற்றது. போலிக்கும் போலி தோன்றியது! எனினும் அப்படிகள் படிகளென்றே விற்கப்பட்டன.

தீமை வேறிடத்திலுளது. பழைய அணிகட்கு மதிப்பு ஏறியதும், புதிதாய்ச் செய்த பிளாஸ்டிக் வளையலைப் பழைய பேக்கலைட்டு என்று விற்போரும், பெயர்பெற்ற நிறுவனங்களின் முத்திரையைப் பொய்யாகப் பொறிப்போரும் தோன்றினர். இவரால் வாங்குவோர் பொருளிழத்தல் சிறு தீங்கே. பொய்யான முத்திரை பொய்யான சான்றாகி, அதனை நம்பி எழுதப்படும் வரலாற்றையும் பிழைபடச் செய்தல் பெருந்தீங்காம்.

ஸ்திராஸ் கண்ணாடியைக் கண்ணாடியென்றே விற்றுப் புகழ்பெற்றார். பிளினி கடிந்த வஞ்சகம் கல்லிற் பிறந்ததன்று. விற்போன் நாவிற் பிறந்தது. ஆதலின், பழைய போலியணியைத் தொகுப்போரும் விற்போரும் அதன் காலம், உலோகம், பழுதுபார்த்த இடம் ஆகியவற்றை உள்ளவாறு உரைத்தல் கடனாகும். எளியோர் அணிந்து மகிழ்ந்தவற்றின் வரலாற்றைப் பிற்காலத்தார் அறிதல் அவ்வுண்மையுரையிலேயே தங்கியுள்ளது.