பிள்ளையின் வீட்டில் கிடந்த சாட்சி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் பழைய ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும்பி வருகின்றன. பரணிலும் மரப்பெட்டியின் அடியிலும் கிடந்தவற்றை என்ன செய்வதென்று சபையார் நம்மிடம் வினவுவதுண்டு. நிலத்திலோ சுவரிலோ பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் சட்டம். ஆனால் பெட்டியில் கிடைப்பது பெரும்பாலும் பொன்னன்று, செல்லரித்த காகிதம். அது குப்பைக்குப் போவதும் பிழைப்பதும் வீட்டாரின் மனத்தைப் பொறுத்தது. அவ்வாறு பிழைத்த ஒன்றை ஈண்டு நினைவுகூர விழைகிறோம்.

அம்பத்தூருக்குக் கிழக்கே சில மைல் தொலைவிலுள்ள பெரம்பூரில் 1709-இல் பிறந்தவர் ஆனந்தரங்கம் பிள்ளை. தந்தையோடு புதுச்சேரி சேர்ந்து, வாணிகத்தில் உயர்ந்து, ஆளுநர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியானார். 1736 செப்டம்பர் முதல் 1761 ஜனவரியில் இறக்கும்வரை தாம் கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதிவந்தார். அவருக்குப்பின் அக்குறிப்பேடுகள் குடும்பத்தார் வீட்டிலேயே கிடந்தன. ஏறத்தாழ 85 ஆண்டுகள் கழித்து, 1846-இல், கல்வா மோம்புருன் என்னும் பிரெஞ்சு அதிகாரி அவற்றைக் கண்டெடுத்தார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழ் மூலமோ 1948-இல்தான் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கிற்று. மூலத்தை முந்திக்கொண்டு மொழிபெயர்ப்பு வந்தது நமக்குப் பெருமையன்று.

அரசியல் வரலாற்றார் இந்நூலைப் போற்றுவது யாவரும் அறிந்ததே. திருச்சபை வரலாறு பயில்வோர் அதை நாடாதிருப்பது ஏனோ தெரியவில்லை. 1745 அக்டோபர்க் குறிப்பொன்றைப் பாருங்கள். இயேசு சபையாரின் சம்பாக் கோயிலுக்குள், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து வடபுறத்தில் ஒரு சுவர் நின்றது. அம்மக்களே குருவிடம் சென்று முறையிட்டனர், சுவர் நீக்கப்பட்டது, சாதிக் கிறிஸ்தவர்கள் வெகுண்டனர். இதை எழுதியவர் கிறிஸ்தவரல்லர், சீர்திருத்தவாதியுமல்லர். நகரத்து நடப்பை அறியவேண்டிய வணிகர். ஆதலால் சபைக்குச் சாதகமாகச் சொல்லும் கட்டாயம் அவருக்கு இல்லை. எளியோர் தாமே எழுந்து நியாயம் கேட்டதை, மிஷன் அறிக்கைகளில் நாம் தேடிச் சலிக்கும் அந்தச் செய்தியை, அவருடைய ஏடு காத்து வைத்தது.

அவருக்கும் சார்பு உண்டு என்பதை மறத்தலாகாது. துபாஷிப் பதவி கிறிஸ்தவர் ஒருவருக்கே கிடைக்கவேண்டும் என்று இயேசு சபையார் முயன்றனர். அவருடைய உறவினர் நைனியப்ப பிள்ளை 1717-இல் சிறையில் மாண்டதிலும் அவர்களுக்குப் பங்குண்டு. எனவே, 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும், அங்கே குருமார் நடந்துகொண்ட விதத்தையும் அவர் எழுதும் பக்கங்களில் கசப்பு ஊறியிருக்கிறது. எனினும் கோயில் இடிந்தது உண்மை. கசப்பைக் காரணங்காட்டிச் சாட்சியைத் தள்ளிவிட இயலாது.

இவையெல்லாம் ரோமச் சபையாரின் குறை என்று நாம் ஒதுங்கவும் வழியில்லை. 1718-இல் பிரதிஷ்டை பெற்ற தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்திலும் சாதிவாரியாகவே மக்கள் அமர்ந்தனர். சுவர் இல்லை, அவ்வளவே.

பிள்ளையின் நாட்குறிப்பில் இடைவெளிகள் உள்ளன. கல்வா மோம்புருனும் அவருடைய காலத்தவரான ஆரியேலும் எடுத்த படிகளால்கூட அவை நிரம்பவில்லை. அந்த நாட்களில் சம்பாக் கோயிலின் வடபுறத்தில் நடந்ததைப் பிள்ளையிடம் கேட்க இயலாது.