திந்திரிணி வனத்து முற்பகல்

ஞாயிற்றுக்கிழமைகளில் காலைச் சிற்றுண்டியையும் மதிய போஜனத்தையும் ஒன்றாக்கி, பதினொரு மணி சுமாருக்கு ஆற அமர உண்ணுகிற வழக்கம் சென்னைப் பட்டணத்தில் இப்பொழுது பெருகி வருகிறது. ‘பிரன்ச்’ என்ற அதன் பெயரை 1895இல் கை பெரிஞ்சர் என்னும் ஆங்கிலேயர் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் எடுத்துச் சொல்லி, அவ்வழக்கத்துக்காகப் பரிந்து பேசினார். சொல் அவர்களுடையதாக இருக்கட்டும். ஆனால் பொழுது நன்றாக ஏறிய பிறகு, ஒரு வேலை முடிந்த திருப்தியோடு, நாவுக்கு இசைந்ததைச் சாவகாசமாக உண்ணும் இன்பம் தென்னாற்காட்டுச் சீமையில் பிறந்த எங்களுக்கு வெகு காலத்துச் சொத்து என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

சென்னையிலிருந்து தெற்கே ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டரில் திண்டிவனம். திந்திரிணி என்றால் வடமொழியில் புளியமரம். திந்திரிணி வனமே திண்டிவனமாயிற்று என்பார்கள். ஊரின் நடுவே கோயில் கொண்டிருக்கும் ஈசனுக்கும் திந்திரிணீசுவரர் என்றே திருநாமம். இந்த ஊரை ஒட்டிய கிடங்கல்தான் சங்க காலத்தில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனுடைய கிடங்கில் என்பது அறிஞர் முடிவு. அவனைப் பாடிய நல்லூர் நத்தத்தனார், பரிசில் பெறப் புறப்பட்ட பாணனுக்குச் சிறுபாணாற்றுப்படையில் வழி சொல்லும்போது, மைல் கணக்கு ஒன்றும் சொல்லவில்லை. எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்றே சொல்லிக்கொண்டு போகிறார். கடற்கரையை ஒட்டிய எயிற்பட்டினத்தில் நுளைச்சி வடித்த தேறலும் சுட்ட மீனும். வேலூரில் எயினப் பெண்கள் சமைத்த சூடான புளிச்சோறும் காட்டுப் பசுவின் சூட்டிறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டுப் பெண் போகவிடாமல் தடுத்து நிறுத்திக் கொடுக்கும், உலக்கையால் நன்கு குற்றிய அரிசியின் வெண்சோறும் நண்டுக் கலவையும். முடிவில் அரண்மனையில், பீமசேனனுடைய பாக சாஸ்திரத்தின் முறை வழுவாமல் சமைத்த விருந்தை, அரசன் தானே அருகில் நின்று பொற்கலத்தில் பரிமாறி உண்பிக்கிறான்.

எனக்கு அரசனுடைய பொற்கலத்தைக் காட்டிலும் வேலூர்ப் புளிச்சோறே பெரிதாகப் படுகிறது. புளியமரம் அடர்ந்த நாட்டில், இருக்கிற பொருளைக் கொண்டே, வருகிறவன் யாரென்று ஆராயாமல், ருசியாக ஆக்கிப் போட்ட அந்தப் பெண்களின் பெயர்களைப் புலவர் சொல்லவில்லை; ஆனால் அவர்களுடைய சமையலைச் சொல்லிவிட்டார். இந்தப் பிரதேசத்தின் போஜன சரித்திரம் அவர்களிடமிருந்தே ஆரம்பிக்கிறது.

திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், என்னுடைய ஆயா அந்தப் பரம்பரையில் வந்தவள் என்றே நான் நினைத்துக்கொள்வேன். முந்தின நாள் கரைத்துப் புளிக்கவைத்த கேழ்வரகு மாவை, வெந்து குழைந்த நொய்யில் ஊற்றிக் கிளறி இறக்கி, இரவெல்லாம் சட்டியில் ஆறவிட்டு, மறுநாள் பத்து மணிக்கு ஏர் அவிழ்த்தவர்கள் கால் கழுவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்ததும், மோரும் உப்பும் அரிந்த சின்ன வெங்காயமும் சேர்த்துக் கையாலேயே கரைப்பாள். தொட்டுக்கொள்ள மரக்காணத்துக் கருவாடு தணலில் சுட்டது ஒரு நாள். மல்லாட்டைத் துவையல் ஒரு நாள். “இன்னும் ஒரு சொம்பு குடிடா கண்ணு, வெயிலு ஏறுது” என்பாள். வறுத்த மல்லாட்டையின் தோலை முறத்தில் தேய்த்துப் புடைத்து ஊதிவிட்டு, காய்ந்த மிளகாயும் பூண்டும் சுளை புளியும் வைத்து அவள் அம்மியில் அரைக்கும்போது எழுகிற எண்ணெய் வாசனை வாசற்படி வரைக்கும் வரும்.

மல்லாட்டை என்பது வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். மணிலாக்கொட்டை என்பது நாவில் தேய்ந்து மல்லாட்டையாயிற்று. இன்று எங்கள் மண்ணின் தொன்மையான பயிர்போலத் தோன்றும் இது, தென்னமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே பரவிற்று. புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாகப் பிரான்சு தேசத்து மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாகப் போன சரக்கு இதுதான். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சிப் பண்ணையில் உருவான ரகங்கள் ‘டி.எம்.வி.’ என்று ஊரின் பெயரையே முத்திரையாகத் தாங்கி மற்ற மாகாணங்களுக்கும் சென்றன. ஏற்றுமதிக்கு என்று விளைந்ததில் ஒரு பிடியை ஆயாக்கள் அம்மிக்கு ஒதுக்கிக்கொண்டார்கள். எங்களுக்கு வாய்த்த சுகம் அந்த ஒரு பிடி.

சரக்குக்காக வந்த ரயில் பசிக்கும் வழி செய்தது. 1870களில் சென்னையிலிருந்து தெற்கே மீட்டர் பாதை போடப்பட்டு, 1879இல் புதுச்சேரிக் கிளையும் திறந்தபோது விழுப்புரம் சந்திப்பாயிற்று. பின்னர் காட்பாடிப் பாதையும் திருச்சிக்கு நேர்பாதையும் சேர்ந்துகொண்டன. ஆனால் ஆமூர்ப் பெண் பாணனிடம் கேட்காத கேள்வியை ரயில்வே நிலையம் கேட்டது. தென்னிந்திய ரயில்வேயின் உணவுச் சாலைகளில் பிராமணர்களுக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு வேறோர் இடம் என்ற பாகுபாடு நெடுங்காலம் நடந்தது. ஒரே வண்டியில், ஒரே கட்டணத்தில் வந்தவர்கள் ஒரே இட்லியைத் தின்பதற்குப் பிரிந்து உட்கார வேண்டியிருந்த அந்த அநியாயம், பெரியாரும் அவரைச் சார்ந்தவர்களும் இடைவிடாமல் போராடியதன் பேரில் 1941இல்தான் ஒழிந்தது. ஊர்களிலிருந்த காப்பி ஹோட்டல்களிலோ ஆதிதிராவிடர்களுக்கு உள்ளேயே இடம் இல்லை. 1950இல் அமலான அரசியல் சட்டம் ஹோட்டல்களில் ஜாதி பார்த்துத் தடுக்கலாகாது என்று விதித்த பிறகும், தனி டம்ளர் பல இடங்களில் பல வருஷங்கள் நீடித்தது. நாவின் இன்பத்தைப் பற்றி எழுதுகிறவன் இதை விட்டுவிட்டு எழுதினால் அவன் எழுதியது பாதிச் சரித்திரந்தான்.

1960களில் சென்னை முதல் விழுப்புரம் வரை பாதை மின்சாரமயமாயிற்று. அதற்கப்பால் மின்கம்பி இல்லாததால், தெற்கே போகிற வண்டிகள் இங்கே மின்சார எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு எஞ்சினைப் பூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அவகாசம்தான் பிரயாணிகளுக்கு வாய்த்த சிறு திருவிழா. கூஜாவோடு இறங்கித் தண்ணீர் பிடிப்பவர்கள், மந்தாரை இலைப் பொட்டலத்தைப் பிரித்து வடையின் சூட்டை விரல் நுனியால் சோதிப்பவர்கள், ஜன்னல் கம்பிக்குள் நீண்ட காப்பி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கும் கிழவிகள் என்று நடைமேடை முழுவதும் ஒரே பந்தி. எஞ்சின் பூட்டும்போது பெட்டிகள் ஒருமுறை அதிரும். பாதி வடையோடு எல்லோரும் ஓடுவார்கள்.

இப்பொழுது எஞ்சின் மாற்றுவதில்லை. அகலப் பாதையில் வண்டிகள் சில நிமிஷமே நின்று புறப்பட்டுவிடுகின்றன. ஆனாலும் சனிக்கிழமை இரவு திண்டிவனத்திலிருந்து தாம்பரம் போகிற பஸ்ஸில், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார். பையில் மல்லாட்டை இருக்கும். அடியில் காகிதம் சுற்றிய கருவாடும், ஒரு உருண்டைப் புளியும். மறுநாள் பதினொரு மணிக்கு, மூன்றாவது மாடியில், அம்மி இல்லாத வீட்டில், மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டிக் கொரகொரவென்று அரைத்து எடுப்பார்கள்.