சாட்சியின் உடல்மொழி: ஈப்போ விபத்து வழக்குகளில்

சாட்சிக் கூண்டில் நிற்பவரின் தயக்கம், பார்வை, குரல் மாற்றம் ஆகியவற்றைக் கொண்டு அவர் சொல்லை எடைபோடுவது காய இழப்பீட்டு வழக்கறிஞரின் முக்கியத் திறன்களில் ஒன்று.

ஈப்போ அமைந்துள்ள மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ரப்பர் தோட்டத் தொழிலாளி வேலையில் அடிபட்டால் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் இழப்பீடு தரும். காப்புறுதி பெற்றவர் அக்காயத்துக்காக முதலாளிமீது வழக்குத் தொடுக்க 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு தடை விதிக்கிறது. அதனால் வழக்கறிஞரிடம் வருபவற்றில் சாலை விபத்துகளுக்குப் பெரும் பங்குண்டு. அவற்றைத் தொகை வரம்பின்றி செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கலாம். ஜூரி கிடையாது, நம்பவைக்க வேண்டியது நீதிபதி ஒருவரை மட்டுமே.

சாட்சியை நேரில் கண்ட நீதிபதியின் கணிப்புக்குத் தனி மதிப்புண்டு என்பதைப் பிரிவி கவுன்சில் 1912இல் கூ சிட் ஹோ வழக்கில் வலியுறுத்தியது. 1979இல் திண்டோக் பெசார் எஸ்டேட் வழக்கில் கூட்டரசு நீதிமன்றமோ, பிந்திய நினைவைவிடச் சம்பவக் காலத்துச் செயல்களை நம்புவதே பாதுகாப்பானது என்றது.

உடல்மொழியை அதிகம் நம்ப வேண்டாம் என ஆய்வும் எச்சரிக்கிறது. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் 2006இல் தொகுத்த ஆய்வுகளில், பொய்யையும் மெய்யையும் மக்கள் சரியாகப் பிரித்தறிந்தது சராசரியாக 54 விழுக்காடுதான்.

தமிழில் சாட்சி சொல்பவருக்கு மொழிபெயர்ப்பாளர் இருந்தால் சிக்கல் கூடும்: இடைவெளி தயக்கமா, மொழிபெயர்ப்புக்கான காத்திருப்பா? முகத்தைப் பார்த்துப் பிறக்கும் சந்தேகத்தைப் போலீஸ் புகார், விபத்து வரைபடம், மருத்துவ அறிக்கை ஆகியவற்றோடு ஒப்பிட்டு, முரண்படும் இடத்தில் குறுக்குக் கேள்வி தொடுப்பதே வழக்கறிஞரின் வேலை.