டாட்நெட்டில் எக்ஸ்எம்எல் நினைவக மாதிரிகள்

எக்ஸ்எம்எல் நினைவக மாதிரி என்பது, ஓர் எக்ஸ்எம்எல் ஆவணத்தை முழுதாகப் படித்துக் கணினி நினைவகத்தில் மர அமைப்பாக வைத்திருக்கும் முறை. மரத்தின் கணுக்களிடையே நிரல் எத்திசையிலும் செல்லலாம். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் இதற்கென மூன்று முதன்மையான வகுப்புகள் உள்ளன.

எக்ஸ்எம்எல்-டாக்குமென்ட்

2002இல் டாட்நெட்டின் முதல் பதிப்புடன் வந்தது. டபிள்யூ3சி அமைப்பின் டாம் (ஆவணப் பொருள் மாதிரி) தரத்தைப் பின்பற்றுகிறது. கணுக்களைச் சேர்க்கலாம், திருத்தலாம், நீக்கலாம். ஆனால் ஒவ்வொரு கணுவும் ஓர் ஆவணத்துக்குக் கட்டுப்பட்டது. அந்த ஆவணத்தின் வழியாகவே அதை உருவாக்க வேண்டும். அதை வேறோர் ஆவணத்தில் சேர்க்கும் முன் இறக்குமதி செய்வதும் கட்டாயம்.

எக்ஸ்பாத்-டாக்குமென்ட்

இதுவும் முதல் பதிப்பைச் சேர்ந்தது. படிக்க மட்டுமே உதவும். கணுக்களைத் தேடும் மொழியான எக்ஸ்பாத்தின் தரவு மாதிரிப்படி அமைந்ததால், சிடேட்டா பகுதிகள் இதில் சாதாரண உரையாகவே தெரியும். திருத்தத்துக்கு இடம் வைக்காத அமைப்பு என்பதால் எக்ஸ்பாத் வினவல்களும் எக்ஸ்எஸ்எல்டி உருமாற்றங்களும் இதில் விரைவாக நடக்கும்.

எக்ஸ்-டாக்குமென்ட்

2007இல் டாட்நெட் 3.5 பதிப்பில், தரவை நிரல்மொழியிலேயே வினவும் லிங்க் நுட்பத்தின் அங்கமாக வந்தது. இதில் ஓர் உறுப்பு ஆவணம் இல்லாமலே தனித்து நிற்கும். முழு மரத்தையும் ஒரே கூற்றில் எழுதிவிடலாம். பெயர்வெளியைக் கையாளுவதில் இதன் எளிமை நன்கு புலப்படும். ‘ஆட்டம்’ செய்தியோடை போன்ற ஆவணங்கள் முன்னொட்டு இல்லாத இயல்புப் பெயர்வெளியைக் கொண்டவை. அவற்றில் ‘என்ட்ரி’ என்று வெறுமனே எக்ஸ்பாத்தில் தேடினால், பிழைச்செய்தி ஏதும் வராமலே விடை வெறுமையாகத் திரும்பும்; பெயர்வெளி மேலாளரில் ஒரு முன்னொட்டைப் பதிந்த பிறகே உறுப்பு அகப்படும். லிங்க் முறையில் பெயர்வெளி உறுப்புப் பெயரின் பகுதியாகவே இருப்பதால் இந்தப் பதிவு தேவையில்லை.

தேர்வு

தரவைத் திருத்த வேண்டுமா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. திருத்தம் இன்றி எக்ஸ்பாத், எக்ஸ்எஸ்எல்டி வேலை மட்டும் என்றால் எக்ஸ்பாத்-டாக்குமென்ட் பொருந்தும். புதிதாக எழுதும் நிரலில் திருத்தம் தேவையெனில் எக்ஸ்-டாக்குமென்ட் சிறந்தது. எக்ஸ்எம்எல்-டாக்குமென்ட்டையே எதிர்பார்க்கும் நூலகங்களுக்கு அதுதான் வேண்டும். எக்ஸ்எம்எல் மின்கையொப்பத்துக்கான ‘சைன்ட்-எக்ஸ்எம்எல்’ வகுப்பு அத்தகையது.

அடுத்தது அளவு. மரமாக விரிந்த தரவு கோப்பின் அளவைவிடப் பல மடங்கு நினைவகத்தை எடுத்துக்கொள்ளக்கூடும். மிகப் பெரிய கோப்புகளுக்கு, முன்னோக்கி மட்டுமே நகரும் ‘எக்ஸ்எம்எல்-ரீடர்’ ஏற்றது. அதைக் கொண்டு பதிவு பதிவாகப் படித்து, ஒவ்வொன்றையும் தனி லிங்க் உறுப்பாக்கிக் கையாண்டால், நினைவகமும் மிஞ்சும். மர அமைப்பின் வசதியும் கிடைக்கும்.