கடலற்ற நகரின் மீன் காட்சியகம்

இலண்டன் விலங்கியல் பூங்காவில் 1853ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மீன் இல்லமே உலகின் முதல் பொது மீன் காட்சியகமாகக் கருதப்படுகிறது. இந்தியாவில் அம்மரபு 1909ஆம் ஆண்டு சென்னை மெரினாவில் தொடங்கியது. கடலோரத்தில் அமைந்த அக்காட்சியகம், பார்வையாளர் கண்முன் விரிந்து கிடந்த கடலின் உயிர்களையே அவர்களுக்கு அறிமுகம் செய்தது. காட்சிப்பொருளுக்கும் அதன் வாழிடத்திற்கும் இடையே தொலைவு இருக்கவில்லை.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூருக்கு அவ்வாய்ப்பு இல்லை. கப்பன் பூங்காவில் 1983ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அரசு மீன் காட்சியகத்தில் நன்னீர் மீன்களே முதன்மை பெற்றன. கட்லா போன்ற நம் ஆற்றுமீன்களோடு அமேசானின் ஏஞ்சல் மீனும் தென்கிழக்காசியாவின் குராமியும் சயாமியச் சண்டைமீனும் அங்கு இடம்பெற்றன. இத்தகைய அயல் மீன்களில் பெரும்பாலானவை ஆறுகளில் பிடிக்கப்பட்டவை அல்ல. பண்ணைகளில் பல தலைமுறைகளாக இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. ஆகவே வெப்பமண்டல நன்னீர்த் தொட்டி காட்டுவது ஓர் ஆற்றை அன்று, அலங்கார மீன் வணிகத்தின் வரலாற்றை.

இவ்வேறுபாட்டின் விளைவைத் தாய்லாந்தின் 'ரெட் டெயில் ஷார்க்' உணர்த்துகிறது. பெயரில் சுறா எனினும் இது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1931ஆம் ஆண்டு அறிவியல் பெயர் பெற்ற இம்மீன் இன்று உலகெங்கும் தொட்டிகளில் மலிந்துள்ளது; தன் தாய் ஆற்றிலோ மிக அருகிய இனமாகிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னுள்ள பெருக்கம் ஆற்றிலுள்ள வெறுமையை மறைத்துவிடுகிறது.

பெங்களூரு மக்களுக்கு இவ்வெறுமை அயலார் கதையன்று. அந்நகரின் குடிநீருக்கு ஆதாரமான காவிரிப் படுகைக்கே உரியது திமில் மகசீர். 1946ஆம் ஆண்டு கபினியில் தூண்டிலில் சிக்கிய மகசீர் ஒன்றின் எடை ஏறத்தாழ 54 கிலோ. தூண்டிற்காரர்களிடையே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் புகழ்பெற்றிருந்தும், இம்மீன் 'டோர் ரேமாதேவி' என்னும் இனமே என 2018ஆம் ஆண்டில்தான் ஆய்வாளர்கள் நிறுவினர். அதன்பின் மிக அருகிய இனங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. முறையான பெயர் இல்லாத இனத்திற்குப் பாதுகாப்புக் கோருவது அரிது என்பதே இத்தாமதத்தின் பொருள்.

பொது மீன் காட்சியகம் வெறும் பொழுதுபோக்கிடமன்று. எந்த நீர்நிலை நினைவில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் நிறுவனம். தொட்டியின் பெயர்ப்பலகையில் மீனின் பெயரோடு அதன் ஆற்றின் இன்றைய நிலையும் எழுதப்படும்போதே அது தன் கல்விப் பணியை முழுமையாக ஆற்றும்.