பெருமையாக மாறிய வசவு: 'அமெரிக்கன் எக்ஸப்ஷனலிசம்'

அமெரிக்க அரசியல் மேடைகளில் அடிக்கடி காதில் விழுகிற சொல், 'அமெரிக்கன் எக்ஸப்ஷனலிசம்'. மற்ற நாடுகள் மாதிரி இல்லை, எங்க நாடு தனி ரகம் என்கிற பெருமை அது. இந்தச் சொல்லைப் பரப்பினதில் கம்யூனிஸ்ட்டுகளுக்குப் பெரிய பங்கு இருக்குன்னு சொன்னா நம்புவீங்களா?

1920-களின் கடைசி. அமெரிக்க கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் ஜே லவ்ஸ்டோன். அவர் வாதம் இதுதான்: ஐரோப்பாவில் முதலாளித்துவம் தள்ளாடுது, அமெரிக்காவில் இன்னும் வளர்ந்துட்டே இருக்கு. அதனால மாஸ்கோ போட்டுக் கொடுக்கிற அதே திட்டம் இங்கே சரிப்படாது. 1929-ல் இந்த வழக்கைப் பேச மாஸ்கோவுக்கே போனார். கட்சியில் பெரும்பான்மை அவர் பக்கம்தான். ஆனா எதிரில் இருந்தது ஸ்டாலின். வரலாற்றின் விதி எல்லாருக்கும் ஒண்ணு, அமெரிக்காவுக்கு மட்டும் சலுகை கிடையாது என்பது அவர் தரப்பு. லவ்ஸ்டோனுக்குப் பதவி போச்சு, கட்சியும் போச்சு. அவர் கருத்துமேல ஒட்டின லேபிள்தான் 'எக்ஸப்ஷனலிசம்'. அன்னிக்கு அது வசவு.

அதே வருஷம் அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிஞ்சது. "அப்பவே சொன்னோமில்ல?" என்று கட்சிக்குள் ஒரே தெம்பு. (லவ்ஸ்டோன் பிற்பாடு தீவிர கம்யூனிச எதிர்ப்பாளராகி சி.ஐ.ஏ.வோடு வேலை பார்த்தார். அதுக்கே தனி எபிசோட் போடலாம்.)

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, பனிப்போர் காலத்தில், பேராசிரியர்கள் கையில் இந்தச் சொல் நிறம் மாறுது. அப்புறம் அரசியல்வாதிகள் கைக்கு வரும்போது முழுசா பாராட்டு.

தமிழ்ல இதுக்கு ரெண்டு சொல் வெச்சுக்கலாம். ஒண்ணு, தனிச்சிறப்பு. இன்னொண்ணு, விதிவிலக்கு. ஆங்கிலத்தில் ரெண்டும் ஒரே சொல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. சிக்கலே அங்கதான். 2002-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டுச்சு. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் அமெரிக்கப் படைவீரரைப் பிடிச்சு வெச்சா, அவரை மீட்கத் தேவையான எந்த வழியையும் ஜனாதிபதி எடுக்கலாம். அந்த நீதிமன்றம் இருக்கிறது நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில். அதனால விமர்சகர்கள் வெச்ச பட்டப்பெயர், 'ஹேக் படையெடுப்புச் சட்டம்'. இதில் சிறப்பு எங்கே இருக்கு? விலக்கு மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரியுது.

2009-ல் ஒபாமாகிட்ட இதைப் பற்றிக் கேட்டாங்க. நானும் நம்புறேன், பிரிட்டிஷ்காரர்களும் கிரேக்கர்களும் அவங்கவங்க நாட்டை நம்புற மாதிரி என்றார். எதிர்க்கட்சி பிடிபிடியென்று பிடிச்சுக்கிட்டது. 2013-ல் நியூயார்க் டைம்ஸில் புதின் எழுதினார்: தங்களை விசேஷமானவங்கன்னு மக்களை நினைக்க வைப்பது ஆபத்து. மறுபடியும் மாஸ்கோவிலிருந்து அதே கண்டனம்! எழுதி ஆறு மாசத்துக்குள்ள அவர் படை கிரிமியாவில் நின்னது.

2014-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் ஒபாமா பேசினார். சர்வதேச விதிகளை மீற முடிவது இல்லை, அவற்றைச் செயலில் உறுதிப்படுத்துவதுதான் நம்மைத் தனித்துவமாக்குது என்பது அவர் விளக்கம்.

அந்த 2002 சட்டம் இன்னும் அமலில் இருக்கு.